மாடி பஸ்ஸை எங்கே வைப்பது?

மும்பை சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு எதிரே (நம்ம ஆட்கள் வாயில் அது இன்னமும் வி.டி.தான்) பாட்டியா பாக் என்று ஒரு சின்னப் பூங்கா. அங்கே ஒரு பழைய டிராம் பெட்டியைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். ஊருக்குள் ஒரு காலத்தில் டிராம் ஓடியது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

ஒரே ஒரு சிக்கல். அந்த டிராம் மும்பையில் ஓடிய டிராம் இல்லை. கல்கத்தாவிலிருந்து வரவழைத்தது.

தொண்ணூறு வருஷம் டிராம் ஓட்டிய ஊர் இது. அந்த ஊர் தன் டிராமைத் தானே பார்க்க ஆசைப்பட்டபோது பக்கத்து வீட்டில் போய் இரவல் கேட்க வேண்டியிருந்தது. இதை நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. டிராமுக்கு நடந்தது மாடி பஸ்ஸுக்கும் நடந்துவிடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன். ஏனென்றால் மும்பையின் சிவப்பு டீசல் மாடி பஸ் 2023 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு ரோட்டை விட்டுப் போய்விட்டது.

கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கலாம்.

குதிரையிலிருந்து மாடி வரை

1874 மே 9. பம்பாயில் முதல் டிராம். இழுத்தது குதிரை. கொலாபாவிலிருந்து கிராஃபோர்ட் மார்க்கெட் வழியாக பைதோனி வரை ஒரு தடம், போரிபந்தரிலிருந்து பைதோனிக்கு இன்னொன்று. ஆரம்பத்தில் டிக்கெட் மூன்று அணா, பிறகு குறைத்தார்கள். வண்டி இழுக்க கம்பெனி வைத்திருந்த குதிரைகள் மட்டும் தொள்ளாயிரம். அத்தனை குதிரைக்கும் கொள்ளு, லாயம், லாடம், வைத்தியம்! இன்றைய டிப்போ மேனேஜர்கள் பாடு எவ்வளவோ தேவலை.

1907 மே 7-ஆம் தேதி மின்சார டிராம் வந்தது. இங்கே நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1895 மே 7. அதே தேதி, பன்னிரண்டு வருஷம் முன்னால்.

கூட்டம் பெருகியது. தெருவை அகலப்படுத்த முடியாது, வண்டியை நீளமாக்கினால் முனையில் திரும்பாது. மிச்சம் இருந்த ஒரே திசை ஆகாயம். 1920-இல் மாடி டிராம் வந்தது. பம்பாய்க்காரர்கள் முதன்முதலாக மாடியில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தது பஸ்ஸில் அல்ல, டிராமில்தான்.

பஸ் வந்தது 1926 ஜூலை 15. ஆஃப்கன் சர்ச்சிலிருந்து கிராஃபோர்ட் மார்க்கெட் வரை. மொத்தம் மூன்று தடங்கள், 24 வண்டிகள். ஆரம்பத்தில் பஸ் என்றால் வசதியானவர்கள் ஏறும் வண்டி, சாதாரண ஜனங்களுக்கு டிராம் என்று ஒரு பிரிவினை இருந்திருக்கிறது. இருந்தாலும் அந்த வருஷக் கடைசிக்குள் ஆறு லட்சம் பேர் பஸ் ஏறிவிட்டார்கள்.

1937-இல் மாடி பஸ். கணக்கு எளிமையானது. அன்றைய சாதாரண பஸ்ஸில் 36 பேர், மாடி பஸ்ஸில் 58 பேர். ரோட்டில் அடைத்துக்கொள்ளும் இடம் கிட்டத்தட்ட அதே. பாதிக்கு மேல் கூடுதலாக ஆளை ஏற்றிவிடலாம். தீவு மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும் இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது.

சுதந்திரத்துக்கு எட்டு நாள் முன்னால், 1947 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, இந்தக் கம்பெனியை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. அதுதான் 'பெஸ்ட்'. கரண்ட்டும் பஸ்ஸும் ஒரே நிறுவனம். (ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள், வீட்டுக்குக் கரண்ட் பில்லும் பஸ் டிக்கெட்டும் ஒரே பெயரில் வருவதைப் பார்த்து முழிப்பார்கள்.) 1964 மார்ச் 31 ராத்திரி போரிபந்தரிலிருந்து தாதருக்குக் கடைசி டிராம் போனது. நடுவில் 1962 முதல் 1971 வரை டிராலி பஸ் என்று மேலே கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் பஸ்ஸையும் ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். நின்று நிலைத்தது மாடி பஸ்தான்.

எண்ணூர் சம்பந்தம்

ஆரம்ப காலத்து மாடி பஸ்களெல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்த சேஸிஸ். 1967-இல் அசோக் லேலண்ட் 'டைட்டன்' என்ற மாடி பஸ் சேஸிஸை எண்ணூரில் செய்ய ஆரம்பித்தது. இந்தியாவில் தயாரான முதல் மாடி பஸ் அது. இங்கிலாந்து லேலண்டின் டைட்டன்தான் மூலம். எண்ணூரிலிருந்து பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் மெட்ராஸுக்கும் அது போனது. ஆக, ஹிந்தி சினிமாவில் ஹீரோ தொற்றி ஏறும் சிவப்பு மாடி பஸ்ஸின் அடியில் இருந்தது பெரும்பாலும் வடசென்னைச் சரக்கு.

அதே 1967-இல் பெஸ்ட் இன்னொரு விநோதத்தையும் இறக்கியது. லாரி மாதிரி முன்னால் தனியாக ஒரு இழுக்கும் வண்டி, அதன் முதுகில் கொக்கி போட்டு மாட்டிய மாடிப் பெட்டி. இன்ஜினும் டிரைவரும் முன்னால் தனி, ஜனங்கள் பின்னால் தனி. எழுபதுகளின் பம்பாய்ப் புகைப்படங்களைத் தேடிப் பார்த்தால் யானை ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு போவது போல இது தெரியும்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் பெஸ்ட்டிடம் மாடி பஸ்கள் தொள்ளாயிரம் அளவுக்கு இருந்தன. அதுதான் உச்சம்.

மாடி பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு பேர். மேலே ஒருவர், கீழே ஒருவர். கையில் தகர டிக்கெட் பெட்டி, இன்னொரு கையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச். அந்தப் பஞ்சை சும்மாவே டிக்டிக்கென்று தட்டிக்கொண்டே வருவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தூங்குகிறவனும் பாக்கெட்டைத் துழாவுவான். மேலே யாரும் நின்றுகொண்டு போகக் கூடாது. கூரையோரம் ஒரு கயிறு ஓடும், இழுத்தால் டிரைவர் பக்கம் மணி அடிக்கும். ஒரு மணிக்கு நிறுத்து, இரண்டு மணிக்குப் போ. முகப்பில் தடத்தின் எண் தேவநாகரியில்தான் இருக்கும். இந்த ஊருக்கு வந்த தமிழர்கள் பலர் மராத்தியில் முதலில் கற்றுக்கொண்டது ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்குமான எழுத்துதான். மற்றதெல்லாம் அப்புறம்.

பாந்த்ராவிலிருந்து குர்லா போகும் 310-ஆம் எண்ணில் மாடி பஸ் ஓடிய காலத்தில் நானும் ஆபீஸ் போக அதில்தான் ஏறுவேன். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். வண்டியின் எண், கம்பெனி, எதையும் அவர் கேட்கவில்லை. மாடியின் முதல் சீட்டில் உட்கார்ந்து முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டிரைவரே இல்லாம நாமளே ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்குல்ல?" என்றார். அறுபது வயசு ஆளைப் பத்து வயசுப் பையனாக்கும் வண்டி அது. வேறு எந்த அரசாங்க வாகனத்துக்கும் இந்த சக்தி கிடையாது என்பது என் கட்சி.

ஏன் போனது?

வில்லன் யாருமில்லை. கணக்குதான். சாதாரண பஸ்ஸுக்கு டிரைவர், கண்டக்டர் என்று இரண்டு சம்பளம். மாடி பஸ்ஸுக்கு மூன்று. படியேறி இறங்க நேரம் பிடிக்கும், ஸ்டாப்பில் வண்டி அதிக நேரம் நிற்கும். நாலு வழியிலும் வேலை நடக்கும் ஊரில் மெட்ரோவும், மேம்பாலமும், தாழத் தொங்கும் கிளையும் உயரமான வண்டிக்கு எதிரி. பழையது கழியக் கழிய, பதிலுக்குப் புது மாடி பஸ் வாங்காமல் விட்டார்கள். தொள்ளாயிரம் என்பது 2019 வாக்கில் 120 ஆனது. 2023 செப்டம்பரில் மிஞ்சியது ஏழு. அதிலும் மூன்று, 1997 முதல் சுற்றுலாவுக்கு ஓடிய கூரையில்லாத வண்டிகள்.

செப்டம்பர் 15-ஆம் தேதி, அந்தேரி கிழக்கில் ஆகர்கர் சௌக்கிலிருந்து ஸீப்ஸ் போகும் 415-ஆம் எண்ணில் கடைசி மாடி பஸ் ஓடியது. மரோல் டிப்போ வண்டி. பலூன் கட்டி, மாலை போட்டு, கல்யாண வண்டி மாதிரி அலங்கரித்தார்கள். பஸ் பிரியர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து கடைசி டிக்கெட்டை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். ஆனந்த் மஹிந்திரா, தன் சிறுவயது ஞாபகங்களை யாரோ திருடிவிட்டதாக மும்பை போலீஸில் புகார் கொடுப்பது போல வேடிக்கையாக எழுதினார். அக்டோபர் 5-ஆம் தேதி கூரையில்லாத வண்டிகளும் நின்றன.

மாடி பஸ்ஸே இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. 2023 பிப்ரவரியிலிருந்தே பேட்டரியில் ஓடும் ஏ.சி. மாடி பஸ்கள் தென் மும்பையில் ஓட ஆரம்பித்துவிட்டன. அதைச் செய்யும் ஸ்விட்ச் கம்பெனியும் அசோக் லேலண்ட் குடும்பம்தான். எண்ணூர் உறவு அறுபடவில்லை. ஆனால் ஜன்னல் திறக்காது, காற்று முகத்தில் அடிக்காது, இன்ஜின் உறுமாது. நல்ல வண்டிதான், வேறு வண்டி.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

கடைசி வண்டிகள் கழிந்தபோது இரண்டையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பயணிகள் சங்கங்களும் பஸ் பிரியர்களும் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. பெஸ்ட்டுக்கு ஆணிக் டிப்போவில் சொந்தமாக ஒரு மியூசியமே இருக்கிறது. பழைய டிக்கெட்டுகள், பஞ்ச், டிராம் பஸ்களின் சின்னச் சின்ன மாடல்கள் எல்லாம் பொறுப்பாகச் சேர்த்து வைத்த இடம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் மாடல் வைப்பதற்கும், முப்பதடி நீள நிஜ பஸ்ஸை வைத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதல் முட்டுக்கட்டை சட்டத்திலேயே இருக்கிறது.

2023 ஜனவரியில் மத்திய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு, போக்குவரத்துக் கழக பஸ்கள் உட்பட, அந்த ஏப்ரல் 1 முதல் செல்லாது. பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையத்தில் கொடுத்து உடைத்துவிட வேண்டும். புகை, பாதுகாப்பு இரண்டையும் யோசித்தால் இதில் தப்பு சொல்ல முடியாது. பிரேக் பிடிக்காத பழைய பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வந்தது. ஐம்பது வயசு தாண்டி, மூல உருவம் மாறாமல் இருந்தால் 'விஏ' என்ற தனி வரிசையில் நம்பர் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. வாடகைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் மாதிரி விசேஷங்களுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் இது சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கான விதி. ராஜா வீட்டு ரோல்ஸ் ராய்ஸ், தாத்தாவின் மோரிஸ் மைனர், யெஸ்டி, ராஜ்தூத். ஊர் ஜனம் மொத்தமும் ஏறி இறங்கிய பஸ்ஸை மனதில் வைத்து எழுதியதல்ல.

அப்படியே பஸ்ஸுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கைப் பாருங்கள். 2008-இல் பதிவான ஒரு பஸ் 2023-இல் கிழடு. 2058-இல்தான் பழம்பெருமை. நடுவில் முப்பத்தைந்து வருஷம் அது வெறும் குப்பை. அந்த முப்பத்தைந்து வருஷத்தை ஒரு மூலையில் யாரோ காபந்து செய்து கடத்தினால்தான் ஐம்பதாவது பிறந்த நாள் வரும். கார் என்றால் ஒரு வீட்டு ஷெட் போதும். பதினைந்து அடி உயர பஸ்ஸை எந்த வீட்டு ஷெட்டில் வைப்பீர்கள்?

அதனால்தான் பணக்காரன் ஓட்டிய கார் நூறு வருஷம் பிழைக்கிறது, லட்சம் பேரைச் சுமந்த பஸ் எடைக்குப் போகிறது. வரலாறு என்று நாம் சேர்த்து வைப்பதில் பாதி இப்படித்தான், இடம் இருந்தவர்களுடைய வரலாறு.

மியூசியத்தில் நிறுத்தினால் போதுமா?

போதாது. சும்மா நிற்கும் பஸ் ஓடும் பஸ்ஸைவிடச் சீக்கிரம் சாகும்.

மும்பை மாதிரி கடற்கரை ஊரில் நாலு மாச மழையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே பால்கனி கிராதி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸின் உடம்பில் இரும்புச் சட்டமும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நடுவில் உப்புத் தண்ணீர் இறங்கினால் பேட்டரி மாதிரி வேலை செய்து உலோகத்தை அரித்துவிடும். வெளியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே விரலால் குத்தினால் பொடியாக உதிரும். ஜன்னல் ரப்பர் வெடிக்கும், அது வழியாகத் தண்ணீர் இறங்கித் தரைப் பலகை உளுத்துப்போகும். ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகும். டீசல் டேங்கில் பிசின் கட்டும். பிரேக்குக்குக் காற்று அனுப்பும் குழாய்களில் உள்ளிருக்கும் ரப்பர் இறுகிவிடும். அதனால் கூரையுள்ள இடத்தில் வைக்க வேண்டும், மாசம் ஒரு முறையாவது இன்ஜினை எழுப்ப வேண்டும், கொஞ்ச தூரம் நகர்த்த வேண்டும். கோயில் தேரைக் கொட்டகை போட்டுப் பாதுகாப்பது போலத்தான். வருஷத்துக்கு ஒரு நாள் இழுக்கிற தேருக்கு வருஷம் முழுக்கப் பாதுகாப்பு.

உதிரி பாகம் இன்னொரு தலைவலி. நம் ஊரில் சேஸிஸ் ஒரு கம்பெனி செய்யும், உடம்பை வேறொருவர் கட்டுவார். இன்ஜினுக்கும் கியருக்கும் எங்காவது சாமான் கிடைத்துவிடும், அதே குடும்ப இன்ஜின் லாரியிலும் ஓடியிருக்கும். மாடிப்படி வளைவு, மாடி முகப்புக் கண்ணாடியின் சட்டம், சீட்டின் கைப்பிடி இதெல்லாம் கடையில் கிடைக்காது. தகட்டைக் கையால் தட்டி வளைக்கிற ஆள் வேண்டும். அப்படிப்பட்ட கைகள் நம் கரூரில் இன்னும் இருக்கின்றன. பஸ் உடம்பு கட்டுவதே அந்த ஊரின் தொழில்களில் ஒன்று. மும்பை பஸ்ஸைப் பிழைக்க வைக்கும் வைத்தியர் கொங்கு நாட்டில் இருக்கக்கூடும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது :-)

அதைவிடச் சிரமமான கேள்வி ஒன்று உண்டு. எந்த வருஷத்து பஸ்ஸாக அதைத் திருப்புவது? பதினைந்து வருஷத்தில் ஒரு பஸ் பல தடவை பெயிண்ட் மாறியிருக்கும், விளம்பரம் ஒட்டிப் பிய்த்திருக்கும், சீட் மாற்றியிருப்பார்கள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புதுசு மாதிரி சிவப்பு அடித்தால் படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் கண்டக்டர் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த கம்பி, சீட்டு முதுகில் யாரோ சாவியால் கீறிய பெயர், படிக்கட்டின் நடுவில் மட்டும் வழவழப்பான இடம், இவையெல்லாம்தான் அந்த பஸ்ஸின் சரித்திரம். புதுசாக்கும் ஜோரில் அதைத்தான் முதலில் அழிப்போம். கோயில் கல்வெட்டு மேல் மணல் வீச்சு நடத்திய கதை நமக்குப் புதிதா என்ன? பிழைக்க வைக்க எவ்வளவு தொட வேண்டுமோ அவ்வளவு தொட்டால் போதும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

லண்டனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'ரூட்மாஸ்டர்' என்ற அவர்களுடைய மாடி பஸ் 1954 முதல் 1968 வரை மொத்தம் 2,876 வண்டிகள் கட்டப்பட்டது. யுத்த காலத்தில் குண்டுவீச்சு விமானம் கட்டிய அனுபவத்தை வைத்து லேசான அலுமினிய உடம்பு செய்தார்கள். எந்த பாகத்தையும் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டலாம். ஆல்டன்ஹாம் என்ற பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஓவர்ஹாலுக்குப் போகும் பஸ் ஒரு நம்பரோடு உள்ளே போய், வெளியே வரும்போது அதே நம்பரில் வேறு உடம்போடு வரும்! இதில் எது அசல் என்று கேட்டால் பஸ் பிரியர்களுக்குள் அடிதடியே நடக்கும்.

வழக்கமான தடங்களில் ரூட்மாஸ்டர் ஓடிய கடைசி நாள் 2005 டிசம்பர் 9. தடம் 159. அதற்குப் பிறகும் அது சாகவில்லை. கழித்த வண்டிகளைத் தனி ஆட்கள் வாங்கினார்கள். ஆயிரத்துக்கு மேல் இன்னும் பிழைத்திருக்கின்றன. வாத்தியார், எலக்ட்ரீஷியன், ரிட்டயரான பஸ் டிரைவர் என்று பலர் சேர்ந்து ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறுகளில் கை முழுக்க கிரீஸோடு வேலை செய்கிறார்கள். வருஷத்தில் சில நாட்கள் பழைய தடத்தில் ஓட்டி ஜனங்களை ஏற்றுகிறார்கள். 2011-இல் ப்ரூக்லாண்ட்ஸில் திறந்த லண்டன் பஸ் மியூசியமும் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள் தலைமுறையாகச் சேர்த்ததுதான். அங்கே அரசாங்கம் வாங்கித் தந்து பிழைத்தது அல்ல. ஆசைப்பட்டவன் கையில் கொடுத்து, ஓட்ட சட்டமும் வழி விட்டதால் பிழைத்தது.

நம் நாட்டில் முடியாதா? ரயிலில் முடிந்திருக்கிறது. 1855-இல் செய்த இ.ஐ.ஆர்.21 என்ற நீராவி இன்ஜின் நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற பிறகு, 2010-இல் சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் உயிர் பெற்றது. புதிதாக பாகம் வார்த்து, கொதிகலன் சரிசெய்து, தண்டவாளத்தில் ஓடவைத்தார்கள். டெல்லியில் 1977 முதல் ரயில் மியூசியம் இருக்கிறது. ரயில்வேக்குத் தன் வரலாற்றின் மேல் ஒரு கர்வம் உண்டு, அதற்கென்று ஒதுக்க ஆளும் இடமும் உண்டு.

பஸ்ஸிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் அரசு 1932-இல் 27 பஸ்களோடு போக்குவரத்து ஆரம்பித்தது. ஸ்காட்லாந்தின் ஆல்பியன் கம்பெனி வண்டிகள். அந்தக் காலத்து ஆல்பியன் ஒன்றைப் போக்குவரத்துக் கழகத்தார் விட்டுவிடாமல் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். சின்ன வண்டிதான். ஆனால் ராஜ்யம் போய், மாநிலம் பிறந்து, மாநிலம் பிரிந்து, இத்தனைக்கும் நடுவில் அதை உடைக்காமல் வைத்தது யாரோ சில டிப்போ ஊழியர்களின் பிடிவாதம்தான்.

சென்னைக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஹைகோர்ட்டிலிருந்து தாம்பரம் போகும் 18ஏ மாடி பஸ்ஸில் மவுண்ட் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனவர்களுக்கு அதைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கும். 2000-களின் இறுதியில் அது நின்றது. பெரிய பிரிவுபசாரம் எதுவும் நடந்ததாக ஞாபகமில்லை.

சம்பளத்துக்கே பணமில்லை, மியூசியம் கேட்கிறதா?

இந்தக் கேள்வியை என் மராத்தி நண்பர் ஒருவர் கேட்டார். அவர் சித்தப்பா பெஸ்ட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். நியாயமான கேள்வி. பெஸ்ட் பல வருஷங்களாக நஷ்டத்தில் ஓடுகிறது. சொந்த பஸ்கள் குறைந்து வாடகை பஸ்கள் பெருகியிருக்கின்றன. ஸ்டாப்பில் அரை மணி நேரம் நிற்கும் ஆளிடம் போய் பழைய பஸ்ஸுக்குக் கூரை போட வேண்டும் என்று சொன்னால் அடிக்க வருவான்.

என் பதில் இது. முதலில், நூறு பஸ் கேட்கவில்லை. ஒன்றோ இரண்டோ. டிப்போவில் கூரையுள்ள ஒரு வரிசை. எடைக்குப் போட்டால் வரும் பணத்தை விட்டுக்கொடுப்பதுதான் முதல் செலவு. ரிட்டயரான டிரைவர், மெக்கானிக் எத்தனையோ பேர் கூப்பிட்டால் சும்மாவே வருவார்கள். வருஷத்தில் பத்து ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் போட்டு ஓட்டினால் டீசல் காசாவது தேறும். அதற்கு சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறக்க வேண்டும். பதினைந்து வயசில் கழியும் பொது வாகனத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒன்றை, பாதுகாப்பு வண்டி என்று தனியாகப் பதிவு செய்து, குறைந்த நாட்கள் குறைந்த வேகத்தில் ஓட்ட அனுமதி. அவ்வளவுதான்.

அடுத்து, பஸ்ஸை மட்டும் வைப்பது வேலையில் பாதி. கடைசி மாடி பஸ்களை ஓட்டியவர்கள், மேல் மாடிக் கண்டக்டர்கள், டிப்போ மெக்கானிக்குகள் எல்லோரும் இப்போது நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வளைவில் மாடி பஸ் சாயும்போது ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது, மழையில் பெட்டர் ரோடு மேட்டில் எந்த கியர், இதெல்லாம் எந்த வரைபடத்திலும் கிடையாது. ஒரு மைக்கைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைக்க எந்த பட்ஜெட்டும் தேவையில்லை. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். உங்களிலும் என்னிலும் பலருடைய மாமா, சித்தப்பாக்கள் பி.டி.சி.யிலும் பல்லவனிலும் சேரனிலும் கட்டபொம்மனிலும் காக்கி போட்டவர்கள்தானே.

நண்பர் சித்தப்பாவிடம் கேட்டேன், அந்த பஸ்ஸை வைத்துக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பஸ் இருக்கிறதோ இல்லையோ, படிக்கட்டை மட்டுமாவது வைக்கச் சொல்லு என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினேன் தெரியுமா, என் முழங்காலைப் பார்த்து டாக்டர் கேட்டால் காட்ட வேண்டாமா என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு போதும். பஸ்ஸைப் பாதுகாப்பது என்றால் தகட்டையும் இன்ஜினையும் பாதுகாப்பது மட்டுமில்லை. அந்தப் படியில் தேய்ந்தது இரும்பு மட்டுமல்ல, ஆட்களும்தான். அதற்கு சாட்சியாக ஒரு வண்டியாவது நிற்க வேண்டும். அடுத்த தலைமுறை கேட்கும்போது கல்கத்தாவுக்கோ லண்டனுக்கோ ஆள் அனுப்பாமல், இந்த ஊர் வண்டியை இந்த ஊரிலேயே காட்ட முடிய வேண்டும்.

உங்கள் ஊர் டிப்போவில் மூலையில் பழைய வண்டி ஏதாவது நின்றுகொண்டிருந்தால், அடுத்த முறை போகும்போது ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி.